பாதி வீட்டை நான் ஏன் விற்றேன்

மகனே,

நலம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பாப்பாரப்பட்டிக்கு வந்தாய். சாப்பிட்ட கை காய்வதற்குள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டாய். எதற்கு என்றதற்கு, யாரோ ஒருவர் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல்லி மழுப்பினாய். நான் தரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "பாதி வூட்ட வித்தது நீதானம்மா, மீதிய வெச்சி என்ன பண்ணப் போற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். வாசல்வரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உன் அப்பா சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அவர் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது, வார்த்தை மட்டும் உன் வாயில் உயிரோடு இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து சாந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உனக்குத் தெரியாமல்தான் வந்தாள். உன் பெண்டாட்டி என்னிடம் கோள் சொல்ல வந்தவள் இல்லை, யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று வந்தவள். தொப்பூர் கணவாயில் உன் லாரி கவிழ்ந்ததிலிருந்து வருமானம் இல்லை என்பதும், நீ தருமபுரியில் வீடு கட்டக் கடன் கொடுத்த சொசைட்டிக்கு அதன் பிறகு நீ தவணையே கட்டவில்லை என்பதும், அங்கிருந்து வந்த நோட்டீஸ்களை நீ பிரிக்காமலே பரணில் போட்டுவிட்டாய் என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. கடைசியாக நோட்டீஸ் கொண்டுவந்தவன் உன் வீட்டை ஏலம் விடுவதாக வாயாலேயே சொல்லிவிட்டுப் போனானாம். சேலத்தில் ஒரு பைனான்ஸ்காரன், பாப்பாரப்பட்டி வீட்டை அவன் பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தால் பணம் தருவதாகவும், இரண்டு வருஷத்தில் திருப்பி எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறானாம். நீ பத்திரம் கேட்டது இதற்குத்தான்.

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ எழுந்து போய்விடுவாய், உன் அப்பாவும் அப்படித்தான். கடிதத்தை விட்டு நீ எழுந்து போனாலும் அது அங்கேயே கிடக்கும். நான் எட்டாவது வரை படித்ததற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும்.

பாதி வீட்டை விற்ற நாட்களில் நீ சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது கூடத்தின் நடுவே ஒரு சுவர் முளைத்திருந்தது, அவ்வளவுதான் நீ கண்டது. உன் அப்பா ஒரு கதை சொன்னார், நீ நம்பினாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையிடம் தகப்பனைப் பற்றி என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

தருமபுரி தனி ஜில்லா ஆன புதிது. நம் புளி மண்டி அப்போது வீட்டின் முன்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாசி பங்குனியில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். தெருமுனை வரை வாசனை அடிக்கும். அந்த வருஷம் ஐப்பசிவரை வைத்திருந்தால் நல்ல விலை வரும் என்று உன் அப்பா கணக்குப் போட்டார். வாங்கி அடுக்கப் பணம் போதவில்லை. தருமபுரிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளியிடம் வீட்டை அடமானம் வைத்து வாங்கினார். சித்திரையில் களத்தில் உலர்த்தியிருந்தபோது ஒரு மழை, உள்ளே அடுக்கிய பிறகு கூரை ஒழுகி இன்னொரு மழை. புளி கருத்துப் போயிற்று. கருத்த புளியை யார் வாங்குவார்கள்? அதில் உன் அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கும் வரும். லாரி கவிழ்ந்ததும் உன் தப்பு இல்லை. நான் கோபப்படுவது அதற்குப் பிறகு நடந்ததற்கு.

ஜவுளிக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. வட்டி இரண்டு முறை நின்றதும், வந்து பேசினால் தவணையாகப் பிரித்துக் கட்ட வழி செய்யலாம் என்று ஆள் விட்டார். உன் அப்பா போகவில்லை. ஒரு காலத்தில் நம் மண்டி வாசலில் வந்து நின்றவன், அவன் வீட்டுப் படியை நான் மிதிப்பதா என்றார். மறுபடி ஆள் வந்தபோது, "பாத்துக்கலாம் போ" என்று அனுப்பிவிட்டார். அந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லை அடுத்த இரண்டு வருஷத்தில் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சோறு போடும்போது கேட்டால் பாத்துக்கலாம். வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது கேட்டால் பாத்துக்கலாம். ஒரு நாளும் அவர் பார்க்கவில்லை.

கம்பைநல்லூரிலிருந்து உன் மாமன் வந்தார். வேர்க்கடலை விற்ற பணம் கையில் இருக்கிறது, ஜவுளிக்கடைக் கடனை நான் அடைத்துவிடுகிறேன், எனக்கு மெதுவாக வட்டியில்லாமல் கொடுங்கள் என்றார். இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைப்பார்? உன் அப்பா அவரிடம் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசி அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, உன் பிறந்த வீட்டுக் காசில் என் வீடு நிற்க வேண்டுமா என்று கத்தினார். உன் மாமன் பஸ் ஏறுகிறவரை கத்தாமல் இருந்தாரே, அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும்.

பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. சம்மனைக் கையால் வாங்காவிட்டால் கேஸ் நடக்காது என்று மண்டியில் எவனோ சொல்லியிருந்தான். சம்மன் கொடுக்கக் கோர்ட்டு அமீனா வந்தால் இவர் கொல்லைப் பக்கம் போய்விடுவார். அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போனார், இவர் கிழித்துப் போட்டார். கேஸ் அதுபாட்டுக்கு நடந்தது. எதிராளி வரவில்லை என்று எழுதி, ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. வீட்டை ஏலம் போட்டுக் கடனை எடுத்துக்கொள்ள உத்தரவு. அது எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், தண்டோராக்காரன் நம் தெருவில் நின்று தமுக்கடித்து, உன் அப்பாவின் பெயரையும் பாட்டன் பெயரையும் சொல்லி, வீட்டின் நான்கு எல்லையையும் சொன்னான். நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே உன் மாமனைக் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். முதலில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். வயதானவர், கோபக்காரர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கோர்ட்டிலேயே தவணை கேட்டிருக்கலாமே, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன், வேறு யாரைத் திட்டுவார்? உன் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வீட்டை வேறு யார் பேருக்காவது மாற்றி எழுதிவிடச் சொல்லியிருந்தார். உன் அப்பாவுக்குப் பிடித்த ஒரே யோசனை அதுதான், ஏனென்றால் அதில் யாரிடமும் போய்ப் பேச வேண்டியதில்லை. அதையும் வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்னதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். "அடமானம் வூட்டோட போவும்மா, ஆளோட போவாது. யார் பேருக்கு எழுதனாலும் கடன் பின்னாலயே வரும். எழுதி வாங்கனவன் திருப்பித் தரலைன்னா, அப்புறம் ரெண்டு பேருகிட்ட வூட்டக் குடுத்த மாதிரி ஆயிடும்."

அங்கிருந்து ஜவுளிக்கடைக்குப் போனோம். அவர் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, கலர் வாங்கிவரச் செய்தார். நான் குடிக்கவில்லை. வீடு எனக்கு எதற்கம்மா, பாப்பாரப்பட்டியில் வந்து நான் குடியிருக்கப் போகிறேனா என்றார். ஏலத்தில் போனால் அடிமாட்டு விலைக்குப் போகும், உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் முழுசாக வராது. நீங்களே ஒரு பாதியை நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்தால் ஏலத்தை நிறுத்தச் சொல்கிறேன், வட்டியிலும் விட்டுத் தருகிறேன் என்றார். கடன் கொடுத்தவரே வழியைச் சொல்லி அனுப்புகிறார்.

வாங்க ஆளும் இருந்தார். அடுத்த வீட்டு ரஹீம் பாயை உனக்கு நன்றாகத் தெரியும். சந்தை சந்தையாக அலுமினியப் பாத்திரம் சுமந்து விற்றவருக்கு நிலையாக ஒரு கடை போட இடம் தேவைப்பட்டது. நம் வீட்டின் முன்பாதியைக் கேட்டார், நியாயமான விலையும் சொன்னார். பின்பாதி, கிணறு, சந்துப் பக்கத்து வாசல் நமக்கு. மண்டியில் சரக்கே இல்லை, முன்பாதி சும்மாதான் கிடந்தது. உன் அப்பா அவரை நடுத்தெருவில் நிறுத்தி, என் வீட்டுக்கே விலை பேச வந்துவிட்டாயா என்று கேட்டார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் வீட்டுக்குள் போனார். பல வருஷமாகப் பெருநாளைக்கு நமக்கு முதல் தட்டு அனுப்புகிற வீடு அது. அன்று ராத்திரி நான் சமைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏலம் நடந்துவிட்டது. நான் சொன்ன எந்த வழிக்கும் உன் அப்பா கையெழுத்துப் போடவில்லை, நான் போட வீடு என் பேரில் இல்லை. தருமபுரியில் லாரி ஷெட் வைத்திருந்த ஒருவர் எடுத்தார். எவ்வளவுக்கு என்று உனக்குச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு இன்னும் வயிறு எரியும்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த லாரி ஷெட்காரர் ஒரு கொத்தனாரோடு வந்தார். மரியாதையான மனுஷன்தான். வாசலில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவை இங்கே வாடகைக்கு இருக்கிறவர் என்று நினைத்துக்கொண்டார். கொத்தனார் டேப்பை நீட்டிக் கூடத்தை அளந்தான். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று உன் அப்பாவிடம் கொடுத்தான். அவரும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சுவரை எடுத்துவிடலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த மனுஷன் உன் அப்பாவிடம் திரும்பி, "நீங்க எப்பங்க காலி பண்றீங்க?" என்று கேட்டார்.

 அவர்கள் போன பிறகும் உன் அப்பா டேப் பிடித்த கையைத் தொங்கவிடாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "பாயக் கூப்புடு" என்றார்.

வக்கீல் சொல்லியிருந்த ஒன்று என் மனதில் இருந்தது. ஏலம் முடிந்தாலும் உடனே எல்லாம் முடிந்துவிடாது, ஒரு மாதத்துக்குள் கடனையும் செலவையும் கட்டி, ஏலம் எடுத்தவருக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்துக் கட்டினால் கோர்ட்டே அந்த ஏலத்தை ரத்து செய்துவிடும் என்றிருந்தார். ரஹீம் பாய் வந்தார். நம் நிலைமை ஊருக்கே தெரியும், பாதி விலைக்குக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். முன்பு சொன்ன அதே விலையைச் சொன்னார். எனக்கே பொறுக்காமல், குறைத்துக் கேட்கலாமே பாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். "அவசரத்துல விக்கறவங்க கிட்ட அடிச்சி வாங்கிட்டு, அதே எடத்துல உக்காந்து நான் யாவாரம் பண்ண முடியுமா தங்கச்சி" என்றார். ஏலத்துக்கு முன்பே விற்றிருந்தால் அந்தப் பணமே போதும். இப்போது கோர்ட்டுச் செலவு, ஐந்து வீதம், விட்டுத் தருவதாகச் சொன்ன வட்டி எல்லாம் ஏறிக்கொண்டதால் போதவில்லை. மீதியை உன் மாமன் கொடுத்தார். கடைசியில் பிறந்த வீட்டுக் காசும் வேண்டியிருந்தது, பாயின் காசும் வேண்டியிருந்தது. எதற்கு வெட்கப்பட்டாரோ அதையெல்லாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம்.

ஏலம் ரத்தாயிற்று. கூடத்தின் நடுவே சுவர் வந்தது. உன் அப்பா தருமபுரியில் இன்னொருவர் மண்டியில் கணக்கெழுதப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் உன் படிப்பு முடிந்தது. மாமனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பாய் கடையின் முன்னால் நடக்க மாட்டேன் என்று வருஷக்கணக்கில் சந்து வழியாகச் சுற்றிப் போனார். ஊரில் யாராவது கேட்டால், "பொம்பள கோர்ட்டுக்குப் போயி பாதி வூட்ட வித்துட்டா" என்பார். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார். சாகிற வரைக்கும் 'மீதிப் பாதி நின்றது உன்னால்' என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. விளைச்சலுக்கு முன்னால் குடியானவர்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அதைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்ட மனுஷன். தன் கடனைப் பற்றிப் பேசவும் அதே கூச்சம். ஆனால் அந்தக் கூச்சத்தின் மேல் ஒரு குடும்பம் குடியிருந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். சேலத்துக்காரனுக்குக் கிரயம் எழுதித் தர மாட்டேன். நீ என் காலில் விழுந்தாலும் தர மாட்டேன், பேசாமல் இருந்தாலும் தர மாட்டேன். திருப்பி எழுதித் தருவேன் என்று வாயால் சொல்வதைப் பத்திரத்தில் எழுதித் தரச் சொல், அவன் அப்புறம் உன் பக்கமே வரமாட்டான். ஒரு வீட்டுக்கு ஏலம் வந்தால் இன்னொரு வீட்டைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் நிறுத்துவது வழி இல்லை. அதே போல் மீட்டர் வட்டிக்கு வாங்கி இந்தத் தவணையைக் கட்டுகிறேன் என்று கிளம்பாதே.

வழி இருக்கிறது. உடைந்த லாரியை ரிப்பேர் செய்து ஓட்டிச் சம்பாதித்துக் கட்டுகிறேன் என்று சாந்தியிடம் சொல்கிறாயாம். ரிப்பேருக்குப் பணம் எங்கே? இருக்கிற நிலையிலேயே விற்றுவிடு. லாரி இல்லாமல் டிரைவராகப் போகலாம், உனக்குத் தொழில் கையில் இருக்கிறது. தருமபுரி ஜில்லா தலைநகரம் ஆன பிறகு ஆபீசர்களும் வாத்தியார்களும் வாடகை வீட்டுக்கு அலைகிறார்கள். உன் வீட்டை அப்படியே வாடகைக்கு விட்டுவிட்டு நீயும் சாந்தியும் குழந்தையும் இங்கே வந்து என்னோடு இருங்கள். வாடகை மாதத் தவணையைக் கட்டிவிடும். இதை சாந்தி உன்னிடம் சொன்னபோது, சொந்த வீட்டில் வேறொருவன் குடியிருக்க நான் அம்மா வீட்டில் ஒண்டிக் கிடந்தால் ஊர் என்ன சொல்லும் என்றாயாம். ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், அது இரண்டு வாரம் சொல்லும், பிறகு வேறு வீட்டைப் பார்த்துப் போய்விடும். எதுவும் நடக்கவில்லை என்றால் வீட்டை நீயே விற்றுவிடு. அதுவும் தோல்வி இல்லை. நீ விற்றால் விலை நீ சொல்வது, கடன் போக ஏதாவது கையில் மிஞ்சும். ஏலத்தில் விற்றால் விலை வந்தவன் சொல்வது.

இதையெல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. நேற்று நானும் சாந்தியும் அந்த சொசைட்டி ஆபீசுக்குப் போய் வந்தோம். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான். இனி நீயும் ஊரில் சொல்லிக்கொள்ளலாம், பொம்பளைகள் ஆபீசுக்குப் போனார்கள் என்று. காரியதரிசி உன் வயதுதான் இருப்பார். பெஞ்சில் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். ஏலத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லையாம். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி, லாரி கவிழ்ந்ததைச் சொல்லி அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தால், மீதியைப் பின்தவணைகளோடு சேர்த்துவிடக் கமிட்டியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கிடைத்தே தீரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் உனக்கு அப்படிச் சொல்லவில்லை. கமிட்டி வருகிற வியாழக்கிழமை கூடுகிறது. முதலில் கட்ட வேண்டியதற்கு என்னிடம் இரண்டு வளையல் இருக்கிறது, அதைப் பற்றி நீ பேசாதே. ஆனால் மனுவில் நான் கையெழுத்துப் போட முடியாது, சாந்தியும் போட முடியாது. கடன் வாங்கியவர்தான் வந்து போட வேண்டும்.

எழுந்து வரும்போது அவர், "அவரு ஏம்மா வரல?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாந்தி குனிந்துகொண்டு, வெளியூர் போயிருக்கிறார் என்றாள். நீ வெளியூர் போகவில்லை. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பெண் உனக்காகச் சொன்ன முதல் பொய் அதுவாக இருந்தால், அதுவே கடைசியாக இருக்கட்டும். நான் அதே பொய்களை ஜவுளிக்கடைக்காரரிடமும் அமீனாவிடமும் வக்கீலிடமும் சொல்லிச் சொல்லித்தான் இந்த வயதுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை ஆபீஸ் திறக்கும்போது நான் அந்தப் பெஞ்சில் இருப்பேன். காரியதரிசி மறுபடி கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். நீயே வந்து பதில் சொல்லு.

அம்மா